டிஎன்ஏவைப் புரதமாக மொழிபெயர்க்கும் மாடல்: அறிகுறியைப் பார்த்துத் தரவுப் பிழையைப் பிடிப்பது

டிஎன்ஏவைப் படித்துப் புரதமாக எழுதும் வேலையில் விடை முழுவதும் 64 வரி அட்டவணை ஒன்றுக்குள் அடங்கிவிடுகிறது. டிஎன்ஏவின் மூன்று எழுத்துகள் சேர்ந்தது ஒரு கோடான். 61 கோடான்கள் புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்களுக்கு, மீதி 3 நிறுத்தத்துக்கு. அதனால் மாடல் செய்யும் ஒவ்வொரு தப்புக்கும் முகவரி உண்டு. எந்தக் கோடானில், எத்தனையாவது இடத்தில், எந்தச் சட்டகத்தில் (எந்த எழுத்திலிருந்து மும்மூன்றாக வெட்டியபோது) தவறியது என்று விரல் வைத்துக் காட்டலாம். மனித மொழிகளுக்கு இடையே மொழிபெயர்க்கும் மாடல்களில் இந்த வசதி கிடையாது. இருந்தும், லாஸ் (மாடலின் பிழை அளவு) இறங்கவில்லை என்றதும் பலர் லேர்னிங் ரேட்டைத்தான் (பயிற்சியின் அடி அளவை) முதலில் திருகுகிறார்கள். தரவை உருவாக்கும் நிரலை முதலில் திறந்து பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கீழே ஏ, டி, ஜி, சி என்பவை டிஎன்ஏவின் நான்கு எழுத்துகள். ஏடிஜி என்றால் அந்த மூன்று எழுத்துகள் சேர்ந்த ஒரு கோடான். டிஏஏ, டிஏஜி, டிஜிஏ மூன்றும் நிறுத்தக் கோடான்கள்.

கையில் இருக்க வேண்டிய மூன்று அளவுகள்

ஒரே ஒரு துல்லிய விழுக்காட்டை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. சோதனைத் தொகுப்பை ஓட்டியதும் மூன்றைக் கணக்கிடுங்கள்.

முதலாவது, 64 வரிக் குழப்ப அட்டவணை. வரியில் உண்மையான கோடான், பத்தியில் மாடல் எழுதிய அமினோ அமிலம். அமினோ அமிலம் வாரியாக 20 வரி போட்டால் போதாது. லியூசினுக்கு ஆறு கோடான்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் முழுக்கத் தப்பாகப் போவது 20 வரியில் தெரியாது.

இரண்டாவது, இடவாரித் துல்லியம்: முதல் அமினோ அமிலத்தில் எத்தனை சரி, 50ஆவதில் எத்தனை, 300ஆவதில் எத்தனை என்ற வரைகோடு.

மூன்றாவது, திருத்தத் தொலைவு: மாடலின் விடையைச் சரியான விடையாக்க எத்தனை சேர்ப்பு, நீக்கம், மாற்றம் தேவை என்ற எண். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்துதான் பேசும். எப்படி என்பதைப் பாதிவழியில் குலையும் விடைகளைப் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படைத் தரவு

கோளாறு எங்கே என்று தெரியாத நிலையில், சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு தரவைச் செய்து அதில் மாடலை ஓட்டிப் பார்ப்பது நல்லது. செய்முறை இது. முதலில் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள்: 5 முதல் 400 கோடான் வரை, எல்லா நீளத்துக்கும் சம வாய்ப்பு. ஏடிஜி வையுங்கள். பிறகு 61 கோடான்களிலிருந்து சம வாய்ப்பில் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குங்கள். முடிவில் மூன்று நிறுத்தக் கோடான்களில் ஒன்று. முன்னால் 0 முதல் 60 எழுத்து, பின்னால் 0 முதல் 200 எழுத்து, இரண்டும் தற்செயலாக. விடையின் விதி: முதல் ஏடிஜியில் தொடங்கி, அதே சட்டகத்தில் வரும் முதல் நிறுத்தம் வரை.

முன்பகுதிக்குள் ஏடிஜி இருக்கக் கூடாது. இருந்தால் விதிப்படி தொடக்கமே மாறிவிடும். முன்பகுதியும் ஜீனும் ஒட்டுகிற இடத்தில் தற்செயலாக ஏடிஜி உருவாகுமோ என்று கவலைப்பட வேண்டாம். முன்பகுதி ஏ என்று முடிந்தால் அடுத்து டி வர வேண்டும், ஏடி என்று முடிந்தால் அடுத்து ஜி வர வேண்டும். ஜீனோ ஏ என்றுதான் தொடங்குகிறது. ஆக முன்பகுதியை மட்டும் சலித்தால் போதும்.

1 லட்சம் வரிசைகள் செய்தால், சராசரி 200 கோடான் வீதம் 2 கோடி கோடான்கள் வரும். 61இல் ஒவ்வொன்றும் 3 லட்சம் தடவைக்கு மேல் கண்ணில் படும். மிக நீண்ட உள்ளீடு 1,466 எழுத்து, விடை 401 அமினோ அமிலம். ஓர் எழுத்து ஒரு டோக்கன் (மாடல் ஓர் அலகாகக் கொள்ளும் துண்டு) என்றால் 2,048 டோக்கன் கொள்ளும் மாடலுக்குள் அடங்கிவிடும். இந்தக் கூட்டலைப் போடாமல் 1,024இல் நறுக்கிவிட்டு, நீண்ட ஜீன் வரவில்லை என்று வருந்துவது அடிக்கடி நடக்கிறது.

லாஸ் ஓர் எண்ணில் வந்து நின்றுவிட்டது

எந்த எண்ணில் நின்றது என்பதே விடை. முன்பகுதி, பின்பகுதி இல்லாத தரவை எடுத்துக்கொள்வோம். கோடான்கள் சம வாய்ப்பில் வந்தவை. ஓர் எழுத்துக்கு ஒரு டோக்கன், ஓர் அமினோ அமிலத்துக்கு ஒரு டோக்கன்.

புரதப் பகுதிக்கு மட்டும் லாஸ் கணக்கிட்டு, அது 2.87 பக்கத்தில் நின்றால், மாடல் டிஎன்ஏவைப் பார்க்கவே இல்லை. லியூசின் அதிகம் வரும், டிரிப்டோஃபான் குறைவாக வரும் என்ற விகிதத்தை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறது. உள்ளீடு மறைக்கப்பட்டிருக்கலாம், அட்டென்ஷன் மாஸ்க் (எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று மாடலுக்குச் சொல்லும் திரை) தலைகீழாக இருக்கலாம். எல்லாவற்றையும்விட அடிக்கடி நடப்பது, டிஎன்ஏ கோப்பையும் புரதக் கோப்பையும் தனித்தனியாகக் கலைத்துவிட்டதால் ஜோடி பிரிந்துபோவது.

உள்ளீட்டையும் சேர்த்து லாஸ் கணக்கிடும் டீகோடர் மாடலில் (முன்னால் வந்ததைப் பார்த்து அடுத்த டோக்கனை ஊகிப்பது) 1.03 பக்கத்தில் நின்றால், மாடல் கற்று முடித்துவிட்டது. தற்செயலாக எடுத்த கோடானை முன்கூட்டி ஊகிக்க யாராலும் முடியாது. ஒரு கோடானுக்கு 4.11 என்ற லாஸ் எப்போதும் மிச்சம் இருக்கும். மூன்று எழுத்தும் ஓர் அமினோ அமிலமும் சேர்த்து நான்கு டோக்கனுக்கு அதைப் பங்கிட்டால் 1.03. இதே அமைப்பில் எதையும் கற்காத மாடல் 1.75இல் நிற்கும். வரைகோட்டில் இவை இரண்டும் "இறங்காத கோடு" என்று ஒன்றுபோலத் தெரிகின்றன. அதனால் புரதப் பகுதிக்கு மட்டும் லாஸ் கணக்கிடுங்கள். பயிற்சியும் விரையும், எண்ணும் பொருள் தரும்.

நீண்ட ஜீனைக் கொடுத்தால் 30, 40 அமினோ அமிலத்தோடு முடித்துவிடுகிறது

நான்கு எழுத்தையும் சம வாய்ப்பில் கொட்டி, முதல் நிறுத்தம் வரை மொழிபெயர்த்து விடை எழுதியிருப்பீர்கள். தற்செயலான டிஎன்ஏவில் ஒவ்வொரு கோடானும் நிறுத்தமாக இருக்கும் வாய்ப்பு 64இல் 3. சராசரியாக 20 அமினோ அமிலத்துக்குப் பிறகு நிறுத்தம் வந்துவிடும். 60 கோடான்களை நிறுத்தமில்லாமல் கடப்பவை நூற்றுக்கு 5 அல்லது 6. 100 கோடான்களைக் கடப்பவை ஆயிரத்துக்கு 8. உள்ளீடு 1,000 எழுத்து இருந்தாலும் மாடல் கண்ட விடைகள் எல்லாம் குட்டையானவை. விடை என்றால் இவ்வளவுதான் நீளம் என்று அது கற்றுக்கொண்டது.

நீளத்தை முதலில் எடுத்துக்கொண்டு பிறகு கோடான்களை நிரப்பும் மேற்கண்ட முறை இதைத் தீர்க்கும். தீர்ந்ததா என்று பார்க்கப் பயிற்சித் தரவின் விடை நீளங்களை எண்ணி, 50 கோடானுக்கு ஒரு கூடை வீதம் போட்டுப் பாருங்கள். கூடைகள் ஏறக்குறைய சமமாக நிறைய வேண்டும்.

நீளம் 400 வரை பயிற்சி கொடுத்துவிட்டு 900 கோடான் ஜீனைக் கொடுத்தால் குலைவது வேறு சங்கதி. கண்டிராத இட எண்களை மாடல் சந்திக்கிறது. பயிற்சியின்போதே இட எண்களை 0இல் தொடங்காமல், 0 முதல் 2,000 வரை தற்செயலான ஓர் எண்ணிலிருந்து தொடங்கச் செய்தால் ஓரளவு தாங்கும். அதைவிட உறுதியான வழி, விடையில் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் முன்னால் அதன் கோடானையும் எழுதவைப்பது. எந்த இடம்வரை படித்தோம் என்பதை மாடல் தன் விடையிலேயே பார்த்துக்கொள்ளும். விலை உண்டு: விடை நான்கு மடங்காகும், 401 அமினோ அமிலம் 1,604 டோக்கனாகும், 2,048 பற்றாது, 4,096 வேண்டும்.

கண்ட இடத்தில் நிறுத்திவிடுகிறது

இந்த வரிசையைப் பாருங்கள்:

ஏடிஜி சிடிஏ ஏசிசி ஜிஏடி ஏஜிசி டிஜிஜி

மெத்தியோனின், லியூசின், திரியோனின், அஸ்பார்ட்டிக் அமிலம், செரின், டிரிப்டோஃபான். இதில் நிறுத்தம் எங்கும் இல்லை. இடைவெளியை எடுத்துவிட்டுப் படித்தால், இரண்டாவது கோடானின் கடைசி இரண்டெழுத்தும் அடுத்ததன் முதல் எழுத்தும் சேர்ந்து டிஏஏ ஆகிறது. நான்காவதின் கடைசி எழுத்தும் ஐந்தாவதின் முதல் இரண்டும் சேர்ந்து டிஏஜி ஆகிறது. சட்டகத்துக்கு வெளியே நிற்கும் இவை நிறுத்தங்கள் அல்ல. மாடல் இங்கே நிறுத்தினால், அது மும்மூன்றாக எண்ணவில்லை, டிஏஏ என்ற எழுத்துக்கூட்டை எங்கே கண்டாலும் நிற்கிறது.

காரணம் அநேகமாக ஒரே ஒரு வரி நிரல்: ஜீனுக்குள் நிறுத்தம் வரக் கூடாது என்று, டிஏஏ, டிஏஜி, டிஜிஏ என்ற எழுத்துக்கூட்டுகளை வரிசை முழுவதிலும் தேடி நீக்கியிருப்பார்கள். சட்டகத்துக்குள் இருப்பவற்றோடு வெளியே இருப்பவையும் போய்விடும். பிறகு அந்தத் தரவில் டிஏஏ எங்கே தென்பட்டாலும் அது உண்மையான நிறுத்தம்தான். எண்ணிப் படிக்க வேண்டிய தேவையே மாடலுக்கு எழவில்லை. குறுக்குவழி எப்போதும் சரியாக வந்ததால் அதையே பிடித்துக்கொண்டது.

கண்டுபிடிக்க எளிய எண்ணிக்கை ஒன்று இருக்கிறது. 61 கோடான்களை சம வாய்ப்பில் அடுக்கினால், 100 கோடான் நீள ஜீனில் சட்டகத்துக்கு வெளியே ஏறக்குறைய 10 நிறுத்தக் கூட்டுகள் இயல்பாகவே வரும். உங்கள் தரவில் எண்ணுங்கள். 0 வந்தால் சல்லடை தப்பு. 10 பக்கம் வந்தும் மாடல் தடுமாறினால், வெளிச்சட்டக நிறுத்தங்கள் நெருக்கமாக உள்ள வரிசைகளைப் பத்தில் ஒரு பங்கு வேண்டுமென்றே சேருங்கள்.

நேரெதிரான அறிகுறியும் உண்டு: உண்மையான நிறுத்தத்தைத் தாண்டி எழுதிக்கொண்டே போவது. வரிசை எப்போதும் நிறுத்தக் கோடானோடு முடியும்படி செய்திருந்தால், உள்ளீடு தீரும்வரை எழுது என்றே மாடல் கற்கும். பின்பகுதி 0 முதல் 200 எழுத்து என்று மேலே வைத்தது இதற்காகத்தான்.

பாதிவரை சரி, அதன்பின் எல்லாம் தப்பு

இடவாரி வரைகோடு மலைமுகடுபோலச் சட்டென்று விழும். விழுந்த பிறகு 6 விழுக்காட்டுப் பக்கத்தில் கிடக்கும். சம வாய்ப்புக் கோடான்களில் தொடர்பில்லாத இரண்டு புரதங்கள் தற்செயலாக ஒத்துப்போகும் அளவு 6.3 விழுக்காடு, அதாவது அங்கே மாடலின் விடைக்கும் உண்மைக்கும் உறவே இல்லை.

இப்போது திருத்தத் தொலைவைப் பாருங்கள். அது 1 அல்லது 2 என்றால், மாடல் ஓர் அமினோ அமிலத்தை விட்டுவிட்டது அல்லது இருமுறை எழுதிவிட்டது; மற்றதெல்லாம் ஓரிடம் தள்ளி நிற்கிறது. எண்ணுவதில் வந்த சறுக்கல் இது; கோடானோடு சேர்த்து எழுதவைத்தால் சரியாகும். தொலைவு பெரிதாக இருந்தால் சட்டகம் நழுவியிருக்கலாம். உறுதிப்படுத்த, விழுந்த இடத்திலிருந்து உண்மையான டிஎன்ஏவை ஓரெழுத்து தள்ளியும் ஈரெழுத்து தள்ளியும் மொழிபெயர்த்து, மாடல் எழுதியதோடு ஒப்பிடுங்கள். ஒன்று பொருந்தினால் ஐயம் தீர்ந்தது.

சட்டகம் நழுவுவதற்கு முதல் குற்றவாளி டோக்கனைசர். பொது மொழி மாடல்களில் உள்ள டோக்கனைசர் டிஎன்ஏவைத் தன் போக்கில் வெட்டும். ஏடிஜி ஜிடிஜி சிஏடி சிடிஜி ஏசிடி என்ற ஐந்து கோடான், ஏடிஜிஜி, டிஜிசிஏ, டிசிடிஜி, ஏசிடி என்று நான்கு துண்டாகலாம். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் எத்தனை எழுத்து என்பது மாடலுக்கு வெளிப்படையாகத் தெரியாது. நடுவில் ஓரெழுத்து மாறினால் அடுத்துள்ள வெட்டுகளும் மாறும். டிஎன்ஏவுக்கென்றே செய்த மாடல்களில் டிஎன்ஏபெர்ட்-2 இப்படி நீளம் மாறும் துண்டுகளையும், நியூக்ளியோடைடு டிரான்ஸ்ஃபார்மர் ஆறெழுத்துத் துண்டுகளையும், ஹைனாடிஎன்ஏ ஒற்றை எழுத்துகளையும் கொள்கின்றன. வேறு வேலைகளில் எது சிறந்தது என்பது வேறு பேச்சு. மும்மூன்றாக எண்ண வேண்டிய இந்த வேலைக்கு ஒற்றை எழுத்தே சரி.

கோடானுக்குக் கோடான் இடைவெளி விட்டுக் கொடுத்தால் துல்லியம் உடனே 100ஐத் தொடும். அந்த வெற்றியில் பெரிய பொருள் இல்லை. சட்டகத்தை நீங்களே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டீர்கள். மாடலுக்கு மிச்சம் இருந்தது 64 வரி மனப்பாடம் மட்டும்.

இரண்டாவது குற்றவாளி முன்பகுதி. அதன் நீளம் எப்போதும் மூன்றின் மடங்காக இருந்தால், அல்லது முன்பகுதியே இல்லையென்றால், முதல் எழுத்திலிருந்து மும்மூன்றாக வெட்டினாலே விடை வந்துவிடும். சோதனை எளிது: நன்றாக வரும் ஒரு வரிசையின் முன்னால் ஒரே ஒரு எழுத்தைச் சேருங்கள், புதிதாக ஏடிஜி உண்டாகாதபடி. விடை மாறக் கூடாது. மாறினால் முன்பகுதி நீளங்களை மூன்றால் வகுத்து மீதி 0, 1, 2 மூன்றும் சமமாக வருகின்றனவா என்று பாருங்கள்.

சில ஜோடிகள் மட்டும் ஒன்றுக்கொன்று மாறுகின்றன

ஹிஸ்டிடினுக்குக் குளுட்டமின், அஸ்பார்ட்டிக் அமிலத்துக்குக் குளுட்டமிக் அமிலம், அஸ்பரஜினுக்கு லைசின், ஃபீனைல்அலனினுக்கு லியூசின், செரினுக்கு ஆர்ஜினின். குழப்ப அட்டவணையில் இந்த ஜோடிகள் எழும்பி நின்றால், மாடல் மூன்றாவது எழுத்தைப் படிக்கவில்லை அல்லது நம்பவில்லை. சிஏடி, சிஏசி இரண்டும் ஹிஸ்டிடின். சிஏஏ, சிஏஜி இரண்டும் குளுட்டமின். முதல் இரண்டெழுத்து ஒன்றே.

ஏன் நம்பவில்லை? தரவு பொய் சொல்லியிருக்கும். "மூன்றாவது எழுத்தை மாற்றினாலும் புரதம் மாறாது" என்று நினைத்து, விடை எழுதிய பிறகு டிஎன்ஏவின் மூன்றாவது எழுத்துகளைத் தற்செயலாக மாற்றித் தரவைப் பெருக்கியிருப்பார்கள். முதல் இரண்டெழுத்துகள் 16 வகை. அவற்றில் 8 வகையில்தான் மூன்றாவது எழுத்து எதுவானாலும் ஒரே அமினோ அமிலம். 61 கோடான்களுக்கு மூன்றாவது எழுத்தில் செய்யக்கூடிய மாற்றங்கள் 183. புரதத்தை மாற்றாதவை 126. மாற்றிய இடங்களில் பத்துக்கு மூன்று விடை தப்பு என்று கணக்கு.

விடை எழுதுவது எப்போதும் கடைசிப் படி. எழுத்தை மாற்றுவது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் முடிந்த பிறகு, இறுதியில் கிடைத்த வரிசையிலிருந்து விடையைக் கணக்கிடுங்கள். பிறகு கோப்பில் எழுதியதைத் திரும்பத் திறந்து, தரவை உருவாக்கிய நிரலுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றால் சரிபாருங்கள். பயோபைத்தான் என்ற நிரல் தொகுப்பின் டிரான்ஸ்லேட் போதும். 1 லட்சம் வரிசையிலும் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது. கணக்கிட்டு வரும் விடை என்பதால் "99.8 விழுக்காடு சரி" என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

டிஎன்ஏ, புரத ஜோடிகளை ஓர் உரையாடல் மாடலிடம் கேட்டு வாங்கியிருந்தால் அவற்றை அப்படியே பயன்படுத்தாதீர்கள். நம்பும்படியான புரதத்தை அது எழுதும். டிஎன்ஏவோடு அது பொருந்தும் என்று உத்தரவாதமில்லை. டிஎன்ஏவை மட்டும் எடுத்துக்கொண்டு விடையை நீங்களே கணக்கிடுங்கள்.

டிரிப்டோஃபான் சரியாக வருகிறது, சில லியூசின், ஆர்ஜினின் கோடான்கள் வருவதில்லை

அமினோ அமிலத்தை முதலில் 20இல் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துப் பிறகு அதற்கொரு கோடானைப் போட்டிருப்பீர்கள். டிரிப்டோஃபானுக்கு ஒரே கோடான், அது 20இல் 1 வரும். லியூசினின் ஒவ்வொரு கோடானும் 120இல் 1தான். உயிரினத்தின் கோடான் வழக்கத்தைப் பின்பற்றினால் சாய்வு இன்னும் கூடும்: ஈ. கோலையில் லியூசினுக்குச் சிடிஜி பெருவழக்கு, ஆர்ஜினினுக்கு ஏஜிஜி, ஏஜிஏ அரிது. முதல் கட்டப் பயிற்சிக்கு 61இலும் சம வாய்ப்பு. உயிரின வழக்கைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

அறிந்த புரதத்தைக் கொடுத்தால் படிக்காமலே சொல்கிறது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இது, ஏனென்றால் மதிப்பெண் உயர்ந்தே தெரியும். புரதத் தொகுப்புகளில் முன்பயிற்சி பெற்ற மாடல், முதல் பத்துப் பன்னிரண்டு கோடானைப் படித்ததும் இன்ன புரதம் என்று ஊகித்து, மீதியை நினைவிலிருந்து எழுதிவிடும்.

மனித பீட்டா குளோபின் ஜீனை வைத்துச் சோதியுங்கள். தொடக்கம் இது:

ஏடிஜி ஜிடிஜி சிஏடி சிடிஜி ஏசிடி சிசிடி ஜிஏஜி ஜிஏஜி ஏஏஜி

மெத்தியோனின், வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளுட்டமிக் அமிலம், குளுட்டமிக் அமிலம், லைசின். ஏழாவது கோடான் ஜிஏஜியின் நடு எழுத்தை டி ஆக்குங்கள்: ஜிடிஜி, வாலின். அரிவாள் செல் நோய்க்குக் காரணமான மாற்றம் இதுவே. முதல் மெத்தியோனின் பின்னர் நீக்கப்படுவதால் பழைய வழக்கில் இதை ஆறாவது இடம் என்பார்கள். மாடல் இங்கே குளுட்டமிக் அமிலம் என்று எழுதினால் அது டிஎன்ஏவைப் படிக்கவில்லை. இந்த மாற்றமும் நூல்களில் புகழ்பெற்றது, இதையும் அது மனப்பாடம் செய்திருக்கலாம். அதனால் 20ஆவது, 40ஆவது, 90ஆவது கோடான்களிலும் யாரும் கேள்விப்படாத மாற்றங்களைச் செய்து பாருங்கள்.

தீர்வு, நினைவு உதவாத தரவு. உண்மையான புரதங்களை எடுத்து, அவற்றின் கோடான்களில் நூற்றுக்கு 10 முதல் 30 வரை வேறு கோடானாக்கி, புதிய விடையைக் கணக்கிட்டுச் சேருங்கள். முழுக்கத் தற்செயலான வரிசைகளைப் பாதிக்குக் குறையாமல் வையுங்கள். நோய்க்குக் காரணமான ஓரெழுத்து மாற்றத்தை "திருத்தி" இயல்பானதாக எழுதித் தரும் கருவி, எதுவும் எழுதாத கருவியைவிடக் கேடு செய்யும்.

ஒரே கோடான் திரும்பத் திரும்ப வரும்போது எண்ணிக்கை தவறுகிறது

ஏடிஜிக்குப் பின் ஏஏஜியை 20 தடவை வையுங்கள்: 20 லைசின் வர வேண்டும். ஓரெழுத்து தள்ளி ஏஜிஏ என்று அடுக்கினால் 20 ஆர்ஜினின், ஜிஏஏ என்றால் 20 குளுட்டமிக் அமிலம். சட்டகத்தையும் எண்ணிக்கையையும் ஒரே வீச்சில் சோதிக்க இதைவிட எளிய கருவி இல்லை. 1960களில் விஸ்கான்சினில் ஹர் கோவிந்த் கொரானாவின் குழு, இப்படித் திரும்பத் திரும்ப வரும் ஆர்என்ஏக்களைச் செய்துதான் மரபுக் குறியீட்டின் கோடான்களை உறுதிசெய்தது. செயற்கை வரிசையைக் கொடுத்து மொழிபெயர்ப்பு விதியைக் கண்டறியும் வேலைக்கு முன்னோடிகளில் அதுவும் ஒன்று. 1968இல் நிரன்பர்க், ஹாலியோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

19 அல்லது 21 வந்தால், பயிற்சியைக் குறை சொல்லுமுன் எழுதவைக்கும் அமைப்புகளைப் பாருங்கள். ரிப்பிட்டிஷன் பெனால்ட்டி (எழுதியதையே திரும்ப எழுதினால் தரும் தண்டனை) 1.0இல் இருக்க வேண்டும், ஒரே தொடரைத் தடுக்கும் என்-கிராம் தடை 0இல், டெம்பரேச்சர் (தேர்வில் தற்செயலின் அளவு) 0இல். உரையாடலுக்காக யாரோ வைத்த 1.1 பெனால்ட்டி இங்கே குளுட்டமின் தொடரை வெட்டிப்போடும். ஹண்டிங்டன் நோயின் ஜீனில் சிஏஜி 35 தடவையா 36 தடவையா என்பது நோய் எல்லையின் இரு பக்கம். ஒன்றுகூடப் பிசகக் கூடாது. அமைப்புகள் சரியாக இருந்தும் தவறினால், 5 முதல் 60 வரை திரும்பும் தொடர்கள் கொண்ட வரிசைகளை நூற்றுக்கு 5 சேருங்கள்.

எதிர் இழையில் மட்டும் பூச்சியம்

எதிர் இழை என்றால் வரிசையைத் திருப்பி, ஏக்கு டி, ஜிக்கு சி என்று ஒவ்வொன்றுக்கும் இணையெழுத்து போடுவது. ஏடிஜிஜிசிசி என்பதன் எதிர் இழை ஜிஜிசிசிஏடி. உங்கள் நிரல் சிசிஜிஜிடிஏ தந்தால் திருப்பிவிட்டு இணையெழுத்து போடவில்லை. டிஏசிசிஜிஜி தந்தால் இணையெழுத்து போட்டுவிட்டுத் திருப்பவில்லை. ஜிஏஏடிடிசியை வைத்துச் சோதிக்காதீர்கள். அதன் எதிர் இழையும் அதுவே என்பதால், ஒன்றுமே செய்யாத நிரல்கூடத் தேறிவிடும்.

எம்பாஸ் தொகுப்பின் டிரான்செக் என்ற மொழிபெயர்ப்பு நிரலோடு ஒப்பிடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. எதிர் இழையின் முதல் சட்டகத்தை அது நேர் இழையின் முதல் சட்டகத்தோடு கோடான் எல்லை பொருந்தும்படி எண்ணுகிறது. வரிசை நீளம் மூன்றின் மடங்காக இல்லாதபோது, கடைசி எழுத்திலிருந்து எண்ணும் நிரல்களோடு சட்டக எண் ஒத்துவராது. இரண்டும் தப்பல்ல, பெயரிடும் முறை வேறு.

சோதனையில் 100, அதுவும் முதல் நாளிலேயே

ஒரே புரதத்தை வெவ்வேறு கோடான்களில் எழுதி, சிலவற்றைப் பயிற்சியிலும் சிலவற்றைச் சோதனையிலும் போட்டிருப்பீர்கள். டிஎன்ஏ வேறு என்பதால் நகல் நீக்கும் நிரல் கண்டுகொள்ளாது. புரதத்தை வைத்துப் பிரியுங்கள்: எம்எம்சீக்ஸ்2 அல்லது சிடி-ஹிட் கொண்டு ஒத்த புரதங்களைக் குழுவாக்கி, ஒரு குழு முழுவதும் ஒரே பக்கம் போகும்படி செய்யுங்கள். எதிர் இழை நகல்களுக்கும் இதே விதி.

ஒரு கோடானையே பயிற்சியிலிருந்து மறைத்துவிட்டு அதைச் சோதிப்பது வீண். ஏஜிஜி ஆர்ஜினின் என்பதை எந்த விதியிலிருந்தும் ஊகிக்க முடியாது. மறைக்க வேண்டியது கோடான் ஜோடிகளை. 3,721 ஜோடிகளில் 300ஐப் பயிற்சியில் அடுத்தடுத்து வராமல் தடுத்துவிட்டுச் சோதித்தால், அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகிக்கிறதா, கோடானைப் படிக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

செயற்கைத் தரவில் சரி, உண்மையான ஜீனோமில் தப்பு

விடை மெத்தியோனினில் தொடங்கவே இல்லையா? ஜீன்களின் இடத்தைக் குறிக்கும் கோப்பு வகைகளில் ஜிஎஃப்எஃப் கோப்பு 1இலிருந்து எண்ணும், பெட் கோப்பு 0இலிருந்து எண்ணும். ஒன்றை மற்றதாக எடுத்தால் ஓரெழுத்து போய்விடும். சிற்றெழுத்தில் உள்ள பகுதிகள் டோக்கனைசரில் அறியாத டோக்கனாகின்றனவா என்றும் பாருங்கள். எல்லாவற்றையும் பேரெழுத்தாக்கிவிடுவது நல்லது. மனித ஜீனோமிலிருந்து நேரடியாக எடுத்தால் நடுவே இன்ட்ரான்கள் (புரதமாகாமல் வெட்டி நீக்கப்படும் பகுதிகள்) வரும். பீட்டா குளோபினிலேயே இரண்டு உண்டு. தற்செயல் எழுத்துகளால் அவற்றைக் கற்பிக்க முடியாது. இன்ட்ரான் நீக்கிய வரிசைகளையே கொடுங்கள்.

முதல் அமினோ அமிலம் மட்டும் வாலின் என்று வந்து, தரவுத்தளத்தில் மெத்தியோனின் என்று இருந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா ஜீன். ஈ. கோலையின் லாக்-ஐ ஜீன் ஜிடிஜியில்தான் தொடங்குகிறது. தொடக்கத்தில் நிற்கும் ஜிடிஜி மெத்தியோனின், நடுவில் நிற்கும் ஜிடிஜி வாலின். பயோபைத்தானில் பாக்டீரியாவுக்கான 11ஆம் அட்டவணையைக் கொடுத்து, சிடிஎஸ் என்ற தெரிவை இயக்கினால் முதல் கோடானைச் சரியாக எழுதும். நீளம் மூன்றின் மடங்கா, முடிவில் நிறுத்தம் உண்டா, நடுவில் நிறுத்தம் இல்லையா என்பதையும் சேர்த்துப் பார்த்து, இல்லையென்றால் பிழை சொல்லி நிற்கும்.

டிரிப்டோஃபான் வர வேண்டிய இடங்களில் நிறுத்தம் வந்தால் அது மைட்டோகாண்ட்ரியா ஜீனாக இருக்கலாம். முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் டிஜிஏ டிரிப்டோஃபான், ஏடிஏ மெத்தியோனின், ஏஜிஏவும் ஏஜிஜியும் நிறுத்தம். என்சிபிஐ (அமெரிக்க உயிர்த்தகவல் மையம்) எண்ணிக்கையில் இது 2ஆம் அட்டவணை. இரண்டு அட்டவணைகளையும் அடையாளமின்றிக் கலந்தால் ஒரே கோடானுக்கு இரண்டு விடை வரும், மாடல் எண்ணிக்கை அதிகமுள்ளதன் பக்கம் சாயும். உள்ளீட்டின் முதல் டோக்கனாக அட்டவணை எண்ணை வையுங்கள். மனித மைட்டோகாண்ட்ரியாவின் சில ஜீன்கள் டி என்றோ டிஏ என்றோ முடிந்துவிடும். ஆர்என்ஏவின் வாலில் ஏக்கள் சேரும்போதுதான் டிஏஏ முழுமையாகும். நீளம் மூன்றால் வகுபடவில்லை என்று அவற்றைத் தூக்கி எறியாமல், அட்டவணை 2 என்ற அடையாளத்தோடு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சிடிஎஸ் சோதனையை அவற்றுக்கு மட்டும் அணைத்துவிடுங்கள்.